பத்து நிமிஷ விண்வெளி டூர் ரிவ்யூ: வாசல்ல க்யூ நிக்குது, கடை பூட்டியிருக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், நான் இதுல ஏறினது இல்ல, ஏறுறதுக்குக் காசும் இல்ல. ஆனா ரெண்டு கம்பெனியோட ஃப்ளைட் வெப்காஸ்டையும் விடாம பாத்து, டிக்கெட் கண்டிஷன், மார்க்கெட் சர்வே, விபத்து ரிப்போர்ட்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் படிச்சு வெச்சிருக்கேன். யாராவது "ஸ்பேஸ் டூரிசமா, அதுக்கெல்லாம் யாரு ப்ரோ காசு குடுப்பா"னு கேட்டா நான் ஆரம்பிச்சிடுவேன், கேட்டவன் போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சிடுவான். அதான் ஒரேயடியா இங்க கொட்டிடலாம்னு.

சர்வீஸ் என்னன்னா சப்-ஆர்பிட்டல் ஃப்ளைட். பூமியைச் சுத்துறதெல்லாம் கிடையாது. நேரா மேல போறோம், உச்சில கொஞ்ச நேரம் மிதக்குறோம், நேரா கீழ இறங்குறோம், அவ்ளோதான். 2001-ல டென்னிஸ் டிட்டோன்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர் ரஷ்யாவோட சோயுஸ்ல ஏறி ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கே போய் தங்கிட்டு வந்தார், அதுக்கு 2 கோடி டாலர்னு சொன்னாங்க, அது வேற ரகம். பூமியைச் சுத்தணும்னா மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம் வேணும், இங்க ஒலியோட வேகத்தைப் போல மூணு மடங்கு போதும். அதனால ராக்கெட் சின்னது, விலையும் அதுக்குத் தகுந்தாப்ல கம்மி, கம்மின்னா என்ன கம்மின்னு பின்னாடி சொல்றேன்.

இதுல நிஜமாவே ஆளை ஏத்தினது இதுவரைக்கும் ரெண்டே கடை. ஒண்ணு ஜெஃப் பெசோஸோட ப்ளூ ஆரிஜின், இன்னொண்ணு ரிச்சர்ட் பிரான்சன் ஆரம்பிச்ச வர்ஜின் கலாக்டிக். ரெண்டும் விக்கிற பொருள் ஒண்ணுதான், குடுக்குற விதம்தான் சுத்தமா வேற. இப்ப ரெண்டு பேருமே ஆளை ஏத்தல, ஓடினப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்.

ப்ளூ ஆரிஜின்ல நடக்குறது இதுதான். மேற்கு டெக்சாஸ்ல வான் ஹார்ன்னு ஒரு சின்ன ஊரு, அதைத் தாண்டி பாலைவனத்துல இவங்க லாஞ்ச் சைட். ட்ரெயினிங் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், ஏன்னா பைலட்டே கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக், நீங்க கத்துக்க வேண்டியதே பெல்ட்டைக் கழட்டுறதும் மறுபடி மாட்டுறதும்தான். ஆனா ஏறுறதுக்குன்னு தகுதி வெச்சிருக்காங்க. 18 வயசு ஆகியிருக்கணும், உயரம் 5 அடிக்கும் 6 அடி 4 இஞ்சுக்கும் நடுவுல, எடை 50 கிலோல இருந்து 101 கிலோக்குள்ள, லாஞ்ச் டவர்ல ஏழு மாடிப் படியை 90 செகண்டுக்குள்ள ஏறணும், பெல்ட்டை 15 செகண்டுக்குள்ள போட்டுக்கணும். எனக்கு இதுல பிடிச்சதே அந்தப் படிக்கட்டு கண்டிஷன்தான். எவ்வளவு பெரிய கோடீஸ்வரனா இருந்தாலும் ஏழு மாடி மூச்சு வாங்க ஏறிக் காட்டணும், அங்க அவருக்குப் பதிலா ஆளை அனுப்ப முடியாது.

மேல போனதும் ஒரு சின்ன பாலம், அதைக் கடக்கும்போது ஒவ்வொருத்தரா ஒரு மணியை அடிச்சிட்டு கேப்ஸ்யூலுக்குள்ள போவாங்க. ஆறு சீட்டு, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல், அதுவும் சாதாரண ஜன்னல் இல்ல, மூணரை அடி உயரம், கேப்ஸ்யூலோட சுவத்துல மூணுல ஒரு பங்கு கண்ணாடிதான். கதவைச் சாத்துறாங்க, திரவ ஹைட்ரஜன்ல ஓடுற இன்ஜின் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல எரியுது, அப்புறம் கேப்ஸ்யூல் தனியா கழண்டு 100 கிலோமீட்டரைத் தாண்டுது. பெல்ட்டைக் கழட்டிட்டு மூணு, நாலு நிமிஷம் மிதக்கலாம். அப்புறம் சீட்டுல போய் உட்காருங்கன்னு குரல் வரும், உட்கார்ந்துதான் ஆகணும், ஏன்னா இறங்கும்போது உங்க எடை அஞ்சு மடங்கா உங்க மேலயே உட்காரும். பூஸ்டர் முன்னாடியே வந்து தானா நின்னுடும், கேப்ஸ்யூல் மூணு பாராசூட்டுல ஆடி ஆடி வந்து, கடைசி நொடில கீழ காத்தைப் பீச்சி ஒரு புழுதி மேகத்துக்குள்ள உட்காரும். கிளம்பினதுல இருந்து தரைக்கு வர்ற வரைக்கும் பத்து, பதினோரு நிமிஷம். ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம்னு வெச்சுக்கோங்க.

வர்ஜின்ல அப்படி இல்ல, அது ஏரோப்ளேன் ஸ்டைல். நியூ மெக்சிகோ பாலைவனத்துல ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கான்னு ஒரு இடம், அதைக் கட்டினதே மாநில அரசு, 20 கோடி டாலருக்கு மேல மக்கள் வரிப்பணம். ஈவ்னு ஒரு பெரிய விமானம் ராக்கெட் விமானத்தைத் தன் வயித்துக்குக் கீழ மாட்டிக்கிட்டு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் உயரத்துக்கு மெதுவா தூக்கிட்டுப் போகும். அங்க போய் கழட்டி விட்டுடும். ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் சும்மா விழுறீங்க, அப்புறம் ராக்கெட் பத்திக்கும், ஒரு நிமிஷம் எரியும், ஜன்னல்ல நீலம் கருநீலமாகி கறுப்பாகும், இன்ஜின் நின்ன உடனே திடீர்னு அமைதி. இந்த இடம் வெப்காஸ்ட்ல பாக்கும்போதே உடம்பு சிலிர்க்குது. உச்சில வாலை மேல மடிச்சு வெச்சுக்கிட்டு இறகு மாதிரி இறங்கும், வால் நேரானதும் கிளைடரா மாறி ரன்வேல வந்து இறங்கும். ரெண்டு பைலட் உண்டு. டேக்-ஆஃப்ல இருந்து லேண்டிங் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா மிதக்குறது இங்கயும் அதே சில நிமிஷம்தான்.

உயரத்துல ஒரு பஞ்சாயத்து இருக்கு. உலகத்துல பொதுவா 100 கிலோமீட்டரைத்தான் விண்வெளி ஆரம்பம்னு வெச்சிருக்காங்க, கார்மன் கோடுன்னு பேரு. அமெரிக்காக்காரன் மட்டும் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர்னு வெச்சிருக்கான். வர்ஜின் போறது 85, 90 கிலோமீட்டர்கிட்ட. 2021 ஜூலைல பிரான்சன் ஏறப் போறார்னு தெரிஞ்சதும் ப்ளூ ஆரிஜின் ட்விட்டர்ல ஒரு படம் போட்டு, எங்க ஆளுங்க பேருக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டு விளக்கம் குடுக்க வேண்டியது வராதுன்னு குத்திக் காட்டினாங்க. ரெண்டு பெரிய முதலாளிங்க 15 கிலோமீட்டருக்காக அடிச்சுக்கிட்டது பாக்க காமெடியாதான் இருந்துச்சு, ஆனா வாங்குறவங்களுக்கு இது காமெடி இல்ல, ஏன்னா இந்தப் பொருள்ல பாதி விலை அந்தப் பேருக்குத்தான். "நான் விண்வெளிக்குப் போயிட்டு வந்தேன்"னு சொல்றப்ப ஒருத்தன் "அது விண்வெளியே இல்லையே"னு ஆரம்பிச்சா எப்படி இருக்கும்.

விலைக்கு வர்றேன். வர்ஜின் ஆரம்பத்துல 2 லட்சம் டாலர்னு வித்தாங்க, 2013-ல இரண்டரை லட்சம் ஆக்கினாங்க, 2021 ஆகஸ்ட்ல நாலரை லட்சம், அதுக்கப்புறம் 6 லட்சம்னு ஏறிக்கிட்டே போச்சு. நாலரை லட்சம் டாலர்னா நம்ம காசுக்கு சுமாரா 4 கோடி. ப்ளூ ஆரிஜின் விலையே வெளிய சொன்னது இல்ல. வெப்சைட்ல போய் பாத்தப்ப பேரு, பிறந்த வருஷம், ஐநூறு எழுத்துக்குள்ள உங்களைப் பத்தி எழுதுங்கங்கிற ரேஞ்சுல ஒரு ஃபாரம், கூடவே ஒன்றரை லட்சம் டாலர் டெபாசிட்டுனு வந்துச்சு, அவ்ளோதான். மெனு கார்டுல விலை போடாத ஹோட்டல்ல சாப்பிட்டவங்களுக்கு அந்த பயம் தெரியும்.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. மிதக்குறதுதான் ஆசைன்னா, அமெரிக்காலயே ஜீரோ-ஜின்னு ஒரு கம்பெனி போயிங் 727 விமானத்தை மேல கீழ 15 தடவை வளைச்சு வளைச்சு ஓட்டி, அதுல 12 தடவை முழுசா மிதக்க விடுறாங்க. ஒவ்வொரு தடவையும் 20-ல இருந்து 30 செகண்ட். கூட்டிப் பாத்தா அஞ்சு நிமிஷம் சுமாருக்கு வருது, ராக்கெட்ல கிடைக்கிறதை விட அதிகம், காசு பத்தாயிரம் டாலர் சுமாருக்கு முடிஞ்சிடுது. அப்போ மீதி நாலு லட்சத்து நாப்பதாயிரம் எதுக்கு? ஜன்னலுக்கு. கறுப்பு வானத்துக்கும், வளைஞ்ச பூமிக்கும், பேருக்கும். இதை நான் நக்கலா சொல்லல, சர்வேலயும் ஜனங்க அதைத்தான் சொல்றாங்க. 2018-ல ப்யூ ரிசர்ச் சென்டர் அமெரிக்கர்கள்கிட்ட கேட்டப்ப, பூமியைச் சுத்தி ஒரு ட்ரிப் போக ஆசைன்னு சொன்னவங்க 42 சதவீதம். ஏன்னு கேட்டா அதுல 45 சதவீதம் பேர் யாருக்கும் கிடைக்காத அனுபவம்னு சொன்னாங்க, 29 சதவீதம் பேர் மேல இருந்து பூமியைப் பாக்கணும்னு சொன்னாங்க. வேணாம்னு சொன்னவங்ககிட்ட காரணம் கேட்டா இன்னும் சுவாரஸ்யம், காசு அதிகம்னு 28, பயமா இருக்குன்னு 28, வயசு, உடம்பு ஒத்துக்காதுன்னு 28, மூணும் சரிசமமா நிக்குது. 2023-ல அதே ஆசையைக் கேட்டப்ப 35 சதவீதமா இறங்கிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னா, உண்மையிலயே ஃப்ளைட் ஆரம்பிச்சுடுச்சு. கற்பனைல இருந்தப்ப இருந்த ஆசை, பெசோஸ் கவ்பாய் தொப்பியோட இறங்கி வர்றதைப் பாத்ததுக்கப்புறம் கொஞ்சம் குறைஞ்சிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க முடியாது, சந்தேகம்தான்.

ஆனா சர்வேல ஆசைப்படுறதும் பாக்கெட்ல கை விடுறதும் ஒண்ணு இல்லையே. அதனால காசு குடுக்கக்கூடிய ஆளுங்ககிட்ட மட்டும் கேட்டுப் பாத்தாங்க. 2002-ல ஃப்யூட்ரான்னு ஒரு கம்பெனி, ஸாக்பி கருத்துக்கணிப்பு ஆளுங்களை வெச்சு, வருஷ வருமானம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல இல்லன்னா சொத்து பத்து லட்சம் டாலருக்கு மேல இருக்கிற 450 அமெரிக்கர்கள்கிட்ட விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. 2021-ல வருஷத்துக்கு 15,000 பேர் சப்-ஆர்பிட்டல் போவாங்க, 70 கோடி டாலர் வியாபாரம் நடக்கும்னு அதுல கணக்கு. இந்த ஒரு நம்பரை வெச்சுக்கிட்டுதான் அடுத்த இருபது வருஷம் ஸ்லைடு ஸ்லைடா காட்டினாங்க, ஸ்பேஸ்போர்ட் கட்டினாங்க, முதலீடு கேட்டாங்க. அந்த 2021-ம் வந்துச்சு. அந்த வருஷம் ப்ளூ ஆரிஜின் மூணு தடவை ஆளை ஏத்துச்சு, நாலு, நாலு, ஆறு, மொத்தம் 14 பேர். வர்ஜின்ல பிரான்சனும் அவரோட ஆளுங்களும் போனாங்க. காசு குடுத்த கஸ்டமர் ஒருத்தர் கூட அந்த வருஷம் வர்ஜின்ல போகல. ரெண்டு கம்பெனியும் சேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஏத்தினவங்க மொத்தமே 150-ஐத் தாண்டாது.

அப்போ சர்வே பொய்யா, டிமாண்டே இல்லையான்னு கேட்டா, இங்கதான் எல்லாரும் தப்பான இடத்துல கையை நீட்டுறாங்கன்னு நான் நினைக்கிறேன். ஃப்யூட்ரான் கணக்குல ஒரு நிபந்தனை இருந்துச்சு, போட்டி வரும், வண்டி நிறைய ஓடும், விலை போகப் போக இறங்கும்னு. நடந்தது நேர் எதிர், வண்டி வரல, விலை ஏறுச்சு. விலை ஏறியும் க்யூ கலையல. 2021-ல நாலரை லட்சம்னு அறிவிச்சப்புறமும் சில மாசத்துல புதுசா 100 பேர் டிக்கெட் வாங்கினாங்க, பழைய ஆளுங்களையும் சேர்த்து க்யூ 700 ஆச்சு. 2012-ல டாரி குரூப்னு இன்னொரு நிறுவனம் அமெரிக்க விமானத்துறைக்காகவும் ஸ்பேஸ் ஃப்ளோரிடாவுக்காகவும் ஒரு ஆய்வு பண்ணாங்க, அது ஃப்யூட்ரான் அளவுக்கு வானத்துல பறக்கல. அப்ப இருந்த விலைக்கு வாங்க மனசும் வசதியும் உள்ளவங்க உலகம் முழுக்க 8,000 பேர் இருப்பாங்க, ஏற்கெனவே 925 பேர் புக் பண்ணியிருக்காங்கன்னு சொல்லுச்சு. முதல் வருஷம் 370 சீட்டு சுமாருக்கு ஓடும்னு அதோட நடுத்தரக் கணக்கு. அந்த 370-ஐக் கூட யாராலயும் ஒரு வருஷத்துல ஏத்த முடியல.

எனக்கு இந்த டிமாண்டை அளக்க சர்வேயை விட மூணு நிஜ வியாபாரம் போதும். ஒண்ணு, 2021-ல பெசோஸ் போன முதல் ஃப்ளைட்டுல ஒரு சீட்டை ஏலம் விட்டாங்க, 159 நாட்டுல இருந்து 7,600 பேர் பதிவு பண்ணாங்க, கடைசில 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போச்சு. எடுத்தவருக்கு அன்னிக்கு கால்ஷீட் இல்லைனு சொல்லி அவர் போகவே இல்ல, அவருக்குப் பதிலா 18 வயசு டச்சுப் பையன் ஒருத்தன் போனான். ஏலம் எடுத்தது ஜஸ்டின் சன்னுங்கிற கிரிப்டோ ஆளு, ஒருவழியா 2025 ஆகஸ்ட்ல போயிட்டு வந்தார். ரெண்டாவது, இரண்டு, இரண்டரை லட்சம் டாலர் விலைல வர்ஜின்கிட்ட வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்த சுமார் 600 பேர். மூணாவது, வர்ஜின் நடத்தின லக்கி ட்ரா, பத்து டாலர்ல இருந்து நன்கொடை குடுத்தா சீட்டுக் குலுக்கல்ல பேரு சேரும்னு சொன்னதும் ஒன்றரை லட்சத்துக்கு மேல பேர் சேர்ந்தாங்க. ஆன்டிகுவா தீவுல இருந்து கெய்ஷா ஷாஹாஃப்னு ஒரு அம்மாவுக்கு விழுந்துச்சு, அவங்க காலேஜ் படிக்கிற பொண்ணையும் கூட்டிக்கிட்டு 2023 ஆகஸ்ட்ல போயிட்டு வந்தாங்க. அதாவது பத்து டாலருக்கு லட்சக்கணக்குல ஆளு, ரெண்டு லட்சத்துக்கு சில நூறு ஆளு, கோடிக்கணக்குல ஒரே ஆளு. நடுவுல இருபதாயிரம், அம்பதாயிரம் டாலருக்கு என்ன கூட்டம் வரும்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அந்த விலைக்கு யாரும் கடையே போட்டதில்ல.

க்யூல நிக்கிறவங்க கதைதான் இந்த சர்வீஸோட உண்மையான ரிவ்யூ. 2004-ல தனியார் விண்கலங்களுக்கான அன்சாரி எக்ஸ் ப்ரைஸ் போட்டில 1 கோடி டாலரை ஸ்பேஸ்ஷிப்ஒன்ங்கிற ராக்கெட் விமானம் ஜெயிச்ச சமயத்துல பிரான்சன் கடையைத் திறந்து, அஞ்சு வருஷத்துல 3,000 பேரை விண்வெளி வீரராக்குறேன்னு சொன்னார். ஜான் குட்வின்னு ஒரு பிரிட்டிஷ்காரர், 1972 ஒலிம்பிக்ஸ்ல படகு ஓட்டினவர், 2005-ல டிக்கெட் வாங்கினார். வாங்கினப்ப நல்லா இருந்தவருக்கு நடுவுல பார்கின்சன் நோய் வந்துடுச்சு. ஆள் விடல, 2023-ல 80 வயசுல போயிட்டு வந்தார். பாகிஸ்தான்ல இருந்து நமீரா சலீம் 2006-லயே வாங்கி வெச்சு 2023 அக்டோபர்ல போனாங்க. நம்ம கேரளாவோட சந்தோஷ் ஜார்ஜ் குளங்கர கூட அந்தக் காலத்துலயே வர்ஜின் லிஸ்ட்ல இடம் பிடிச்சவர், மலையாள சேனல் பாக்குறவங்களுக்கு ஆளைத் தெரியும். எல்லாத்துலயும் மேல வாலி ஃபங்க். 1961-ல விண்வெளி வீரர்களுக்கான டெஸ்ட்டுல பாஸ் ஆன பெண் பைலட், பொண்ணுங்கிறதாலயே அனுப்பல. 2010-ல வர்ஜின்ல 2 லட்சம் டாலர் கட்டிட்டு காத்திருந்தாங்க, கடைசில பக்கத்துக் கடைக்காரர் பெசோஸ் ஓசில கூட்டிட்டுப் போனார், வயசு 82. திரும்பி வந்து பிரஸ் மீட்ல உட்கார்ந்து, ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டு, ஆனா உலகத்தை முழுசா பாக்கலாம்னு நினைச்சேன், அவ்ளோ உயரம் போகல, உள்ள குட்டிக்கரணம் அடிக்க இடமும் பத்தலைங்கிற மாதிரி சொன்னாங்க பாருங்க, அதுதான் நேர்மையான கஸ்டமர் ஃபீட்பேக். அறுபது வருஷம் காத்திருந்தும் குறையைக் குறைன்னு சொன்னாங்க.

ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் 90 வயசுல ப்ளூ ஆரிஜின்ல போனது எல்லாரும் பாத்திருப்பீங்க. இறங்கினதும் கண்ணுல தண்ணியோட பெசோஸ்கிட்ட என்னவோ மனசைத் திறந்து பேச ஆரம்பிக்கிறார், பின்னாடி ஷாம்பெய்ன் பீச்சுறாங்க, பெசோஸ் "ஒரு நிமிஷம்"னு திரும்பி பாட்டிலை வாங்கப் போயிட்டார், கிழவர் அப்படியே நிக்கிறார். அந்த சில நொடி வீடியோ இந்த மொத்த பிசினஸையும் சொல்லிடும். மேல குடுக்குற அனுபவம் நிஜம், கீழ இருக்கிறவங்களுக்கு அதை எப்படி எடுத்துக்கிறதுன்னே தெரியல. ஷாட்னர் பின்னாடி எழுதினது, அந்தக் கறுப்பைப் பாத்தப்ப எனக்கு துக்கம்தான் வந்துச்சுன்னு. ப்ரோஷர்ல இதைப் போட மாட்டாங்க, ஆனா எனக்கு இதைக் கேட்டப்புறம்தான் காசு இருந்தா போகணும்னு ஆசை அதிகமாச்சு.

பாதுகாப்பு பத்தி ஒளிச்சு வெக்கக் கூடாது. 2014 அக்டோபர் 31, வர்ஜினோட என்டர்பிரைஸ்ங்கிற ராக்கெட் விமானத்தோட டெஸ்ட் ஃப்ளைட்ல வாலை மடிக்கிற லாக்கை கோ-பைலட் சீக்கிரமே திறந்துட்டார், விமானம் காத்துலயே உடைஞ்சுது. அந்த கோ-பைலட் மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார், பைலட் பீட்டர் சீபோல்ட் பாராசூட்ல பிழைச்சார். விசாரணைல ஆல்ஸ்பரியை மட்டும் குத்தம் சொல்லல, ஒரு மனுஷன் ஒரு தப்பு பண்ணா மொத்தமும் போற மாதிரி டிசைனை வெச்சிருந்தீங்களேன்னு கட்டின கம்பெனியைத்தான் கேட்டாங்க. அந்த விபத்துக்கப்புறமும் டிக்கெட் வெச்சிருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க காசைத் திருப்பிக் கேக்கல, இதுவும் டிமாண்டு கணக்குல எழுத வேண்டிய விஷயம். 2022 செப்டம்பர்ல ப்ளூ ஆரிஜினோட ராக்கெட் ஆள் இல்லாம போனப்ப இன்ஜின் நாசில் பிச்சுக்குச்சு, கேப்ஸ்யூல் தன்னைத்தானே பிச்சு எறிஞ்சு தப்பிச்சு பத்திரமா இறங்குச்சு. உள்ள ஆள் இருந்திருந்தாலும் உசுரோட வந்திருப்பாங்க, உடம்புதான் நல்லா குலுங்கியிருக்கும். 2024 மே மாசம் ஆளோட வந்தப்ப மூணுல ஒரு பாராசூட் முழுசா விரியல, ரெண்டே போதும்னுதான் டிசைன், பிரச்சனை இல்லாம இறங்கினாங்க. அதுல வந்தவர்தான் கோபி தோட்டகூரா, ஆந்திராக்காரர், முதல் இந்திய ஸ்பேஸ் டூரிஸ்ட்.

இன்னொண்ணு கவனிங்க, சட்டத்துல நீங்க பயணியே கிடையாது. "விண்பயணப் பங்கேற்பாளர்"ங்கிற மாதிரி ஒரு பேரு வெச்சிருக்காங்க. உள்ள இருக்கிறவங்க பாதுகாப்புக்கு அரசு இன்னும் விதி போடல, போடக்கூடாதுன்னே அமெரிக்க காங்கிரஸ் 2004-ல ஒரு தடை வெச்சுது, அதை நீட்டி நீட்டி இப்ப 2028 ஜனவரி வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க. இந்த வண்டி பாதுகாப்பானதுன்னு அரசாங்கம் சான்று குடுக்கலைனு தெரிஞ்சுதான் ஏறுறேன்னு எழுத்துல கையெழுத்து போட்டாதான் ஏத்துவாங்க. ஆபத்தை மறைக்காம மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க, அதுவரைக்கும் பாராட்டணும்.

இப்ப நிலைமை என்னன்னு கேட்டா சிரிப்பு வரும். வர்ஜினோட யூனிட்டிங்கிற ராக்கெட் விமானம் 2024 ஜூன்ல ஏழாவது கமர்ஷியல் ஃப்ளைட்டோட ரிட்டயர்ட் ஆயிடுச்சு. நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரே வண்டியை நிறுத்தினதுக்குக் காரணம் கணக்குதான். நாலு சீட்டு, மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 48 பேர். 700 பேர் க்யூல நின்னா கடைசி ஆளுக்கு 15 வருஷம் கழிச்சுதான் நம்பர் வரும், அதுவும் பழைய விலைல வித்த டிக்கெட், ஒவ்வொரு ட்ரிப்பும் நஷ்டம். அதனால ஆறு சீட்டு, மாசத்துக்கு எட்டு தடவை பறக்கும்னு சொல்ற டெல்டா ரக வண்டி கட்டுறோம், 2026-ல சர்வீஸ் ஆரம்பிப்போம்னு சொல்லியிருக்காங்க. இவங்க சொன்ன தேதிகளோட சரித்திரம் தெரிஞ்சவங்க காலண்டர்ல பென்சில்ல குறிச்சுக்கோங்க. அந்தப் பக்கம் ப்ளூ ஆரிஜின், 38 தடவை பறந்து முடிச்ச ராக்கெட்டை, காத்திருப்பு லிஸ்ட் இன்னும் பல வருஷத்துக்கு இருக்குன்னு அவங்களே சொல்லிக்கிட்டு, 2026 ஜனவரி கடைசில குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தி வெக்கிறோம், நிலா வேலைல கவனம் செலுத்தணும்னு அறிவிச்சுட்டாங்க. ஆளுங்க இல்லாம மூடின கடையைப் பாத்திருக்கேன், ஆளுங்க நிக்கும்போதே முதலாளிக்கு வேற வேலை இருக்குன்னு மூடினது இதுதான்.

மூணாவதா ஒரு கடை இருந்துச்சு, எக்ஸ்கோர்னு. ஒரு பைலட், பக்கத்து சீட்டுல ஒரே பயணி, 95,000 டாலர்ல ஆரம்பிச்ச டிக்கெட். நடுத்தரப் பணக்காரனுக்குக் கொஞ்சமாவது எட்டுற விலை அதுதான். லிங்ஸ்னு பேரு வெச்ச அந்த வண்டி ஒரு தடவை கூடப் பறக்கல, 2017 நவம்பர்ல திவால் மனு போட்டாங்க, டிக்கெட் வாங்கின சுமார் 280 பேரும் பயணி லிஸ்ட்ல இருந்து கடன்காரங்க லிஸ்டுக்கு மாறினாங்க. அந்த சம்பவத்துக்கப்புறம் யாராவது டெபாசிட்னு சொன்னாலே நான் முதல்ல ரீஃபண்ட் கண்டிஷனைத்தான் தேடுவேன்.

2025 ஏப்ரல்ல பாடகி கேட்டி பெர்ரி, டிவி தொகுப்பாளர் கெய்ல் கிங் எல்லாரும் ப்ளூ ஆரிஜின்ல போன பெண்கள் மட்டும் ஃப்ளைட்டுக்கு நெட்ல விழுந்த திட்டும் மீமும் உங்களுக்குத் தெரியும். அதே கம்பெனில 2025 டிசம்பர்ல மிக்கேலா பென்ட்ஹாஸ்னு ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தர் போனாங்க, சக்கர நாற்காலில இருக்கிறவங்க விண்வெளிக்குப் போனது உலகத்துலயே அதுதான் முதல் தடவை. அதுக்கு நெட்ல அந்த அளவுக்குப் பேச்சு எழல. அந்த ஏழு மாடியை அவங்க ஏற்கெனவே அங்க இருந்த லிஃப்ட்ல ஏறினாங்க. இந்த மாதிரி ஆளுங்களை நாலு ட்ரிப் ஏத்தியிருந்தா இந்த சர்வீஸ் மேல இருக்கிற "பணக்காரன் விளையாட்டு"ங்கிற பேரு பாதி போயிருக்கும்.

மார்க்கு கேட்டீங்கன்னா, அனுபவத்துக்கு அஞ்சுக்கு நாலரை, போயிட்டு வந்தவங்க யாரும் காசு வேஸ்ட்டுனு சொல்லி நான் கேட்டதில்ல. ஜன்னலுக்கு ப்ளூ ஆரிஜின், அந்த நீண்ட பயண ஃபீலுக்கு வர்ஜின். விலைக்கு ஒண்ணு. சொன்ன தேதில குடுக்குறதுக்கு வர்ஜினுக்கு அரை, அதுவும் குட்வின் மாதிரி ஆளுங்களை மறக்காம கூட்டிட்டுப் போனதுக்காக. ப்ளூ ஆரிஜின் ஓடுற வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு, ஆனா மூடின கடைக்கு எப்படி மார்க் போடுறது.

இந்தியால இருந்து யாராவது சீரியஸா யோசிக்கிறீங்கன்னா ஒரு நடைமுறை சிக்கல் சொல்றேன். ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற திட்டம்) விதிப்படி ஒரு ஆள் ஒரு நிதியாண்டுல வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது இரண்டரை லட்சம் டாலர்தான். நாலரை லட்சம் டிக்கெட்டையே ஒரே வருஷத்துல கட்ட முடியாது, மார்ச்ல பாதி, ஏப்ரல்ல பாதினு பிரிச்சுதான் அனுப்பணும், வரிப்பிடித்தம் தனி. இஸ்ரோவே 2030 வாக்குல 6 கோடி ரூபாய்க்கு இதே மாதிரி சர்வீஸ் கொண்டு வரலாம்னு 2023-ல செய்தி வந்துச்சு, அதுக்கு இன்னும் புக்கிங் கவுன்டர் எதுவும் திறக்கல, யாராவது திறந்திருக்குன்னு சொல்லி பணம் கேட்டா போலீஸுக்குப் போங்க. மிதக்கணும்னு மட்டும் ஆசைன்னா ஜீரோ-ஜிக்கு போயிட்டு வாங்க, இன்னிக்கே சீட்டு கிடைக்கும். ஜன்னல்தான் வேணும்னா டெல்டா வண்டி காசு குடுத்த கஸ்டமரை வெச்சு ஒரு பத்து தடவையாவது போயிட்டு வரட்டும், அதுவரைக்கும் காசை ஃபிக்ஸட் டெபாசிட்லயே வைங்க. அதுக்கு முன்னாடியே மனசு கேக்கலைனா, நாலரை லட்சம் விலை இருந்தப்ப வர்ஜின் வாங்கின ஒன்றரை லட்சம் டாலர் முன்பணத்துல 25,000 திரும்ப வராதுன்னு கண்டிஷன் இருந்துச்சு. நம்ம காசுக்கு 20 லட்சத்துக்கு மேல, அந்த கண்டிஷன் இப்பவும் இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.